வலக்கையால் கேட்டது

கடுகுக்குப் பேர்போன திஜோன் பட்டணத்தில், ஞானாதிக்கம் செத்து நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, அவருடைய நடைச்சத்தம் மட்டும் எழுந்து உலாவப் போயிற்று. ஆள் இல்லை, நிழல் இல்லை, தொப்பி இல்லை. லாடம் அடித்த இடது ஷூவின் ‘டக்’, லாடம் கழன்று விழுந்து அவர் திரும்ப அடிக்காமலே விட்டுவிட்ட வலது ஷூவின் ‘தொப்’, கூடவே குடைமுனையின் ‘ணங்’, இந்த மூன்றும் மூன்றாம் மாடியிலிருந்து மரப்படிகளில் இறங்கி, தெருக்கதவைத் திறக்காமலே வெளியே வந்து, முப்பத்தோரு வருஷமாய் அவர் போன அதே வழியில், ஒரு அவசரமும் இல்லாமல், நிற்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று போயின.

ஞானாதிக்கம் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. பட்டாளத்தை விட்டு வெளியே வந்ததும், பாரீஸ் வேண்டாம், மர்ஸேய் வேண்டாம், சத்தமில்லாத ஊர் ஒன்று போதும் என்று பெண்டாட்டி அமலோற்பவத்தைக் கூட்டிக்கொண்டு திஜோனில் வந்து உட்கார்ந்த மனுஷன், உட்கார்ந்தாரா என்றால் அதுதான் இல்லை, சனிக்கிழமை தவறாமல் நடந்தார். அந்த ஊரில் பழைய தெருக்களின் தரையில் ஆந்தை பொறித்த பித்தளைத் தகடுகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அந்தத் தகடுகள் காட்டுகிற வழியே போனால் பார்க்கவேண்டிய அத்தனையையும் பார்த்துவிடலாம். வெளியூர்க்காரர்கள் எல்லாம் நம்பர்படி போவார்கள். ஞானாதிக்கம் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தார், அதில் ஆந்தை கடைசி.

ஆந்தை என்றால் நிஜ ஆந்தை இல்லை. மாதா கோயிலின் பக்கச் சுவரில், எட்டித் தொடும் உயரத்தில், ஒரு கை அகலத்துக்குச் செதுக்கிய சின்னக் கல் ஆந்தை. எத்தனையோ தலைமுறை தடவித் தடவி அதற்கு மூக்கும் இல்லை முழியும் இல்லை, சோப்புக்கட்டி கரைந்த மாதிரி ஆகிவிட்டது. அதை இடக்கையால் தொட்டு மனசுக்குள் ஒன்று கேட்டால் நடக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. இடக்கைதான், வலக்கை செல்லாது. இதயம் இருக்கிற பக்கம் என்று காரணமும் சொல்வார்கள். ஞானாதிக்கம் முப்பத்தோரு வருஷமும் அதை வலக்கையால்தான் தொட்டார். இடது, முஸ்ஸியே, இடது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு இடக்கையை நீட்டமாட்டோம் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, வலக்கையாலேயே தடவிக் கண்ணை மூடிக்கொள்வார். ஆந்தை கத்தினாலே ஜெபமாலையைத் தேடுகிற வீட்டில் பிறந்த அமலோற்பவமோ, ஆந்தையிடம் போய் வரம் கேட்கிற ஊர் உருப்படுமா, அதுக்கு எந்தக் கையாயிருந்தால் என்ன என்று அடுப்படியிலிருந்தே ஒரே போடாய்ப் போட்டுவிடுவாள்.

சரி, நடைச்சத்தத்துக்கு வருவோம். முதலில் அதைக் கேட்டது பூக்கடைக்காரியின் நாய். அது வாலை ஆட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் கூடப்போய் வழியனுப்பிவிட்டு வந்தது. இரண்டாம் சனிக்கிழமை சந்தைக்காரர்கள் கேட்டார்கள், மூன்றாம் சனிக்கிழமை ஊரே கேட்டது, நான்காம் சனிக்கிழமை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கூண்டில் தனியாய் நின்று மணியடித்துக்கொண்டிருந்த ஜாக்மார் என்கிற இரும்பு மனுஷனைப் பார்த்து, ஐயோ பாவம் ஒண்டிக்கட்டை என்று இரங்கி, அவனுக்கு ஒரு இரும்புப் பெண்டாட்டியைச் செய்து பக்கத்தில் நிறுத்தி, பிறகு பிள்ளை இல்லாமல் எப்படி என்று இரண்டு இரும்புப் பிள்ளைகளையும் செய்து வைத்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊருக்கு, செத்துப்போன ஒரு நல்ல மனுஷன் சனிக்கிழமை நடக்கிறார் என்பது பெரிய விஷயமா? நகரசபையில் மட்டும் ஒரு நாள் பேச்சு வந்ததாம். இறந்தவர் நடைபாதையை உபயோகிக்கலாமா என்று ஒருவர் கேட்க, உயிரோடு இருந்தபோது அவர் யார் மேலாவது இடித்ததுண்டா என்று இன்னொருவர் கேட்க, இல்லை என்று எல்லோரும் சொல்ல, அதோடு அந்தப் பேச்சு முடிந்து, சனிக்கிழமைகளில் ஆந்தைத் தெருவில் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று மட்டும் ஒரு போர்டு வைத்தார்கள்.

அவர் வழக்கமாய் உட்காருகிற காப்பிக்கடையில் பரிசாரகர் லூசியன் அந்த நேரத்துக்கு அந்த மேஜையை யாருக்கும் தருவதில்லை. தேனும் சோம்பும் போட்டுச் சுடுகிற தேன்ரொட்டிக்குப் பேர்வாங்கிய கடையில் மதாம் ஒதில் எப்போதும்போல இரண்டு துண்டு வெட்டி வைத்தாள். ஒன்று அவர் அங்கேயே நின்று தின்பதற்கு, இன்னொன்று வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு. இரண்டையும் சாயங்காலம் புறாவுக்குப் போட்டாள். ரயிலடிப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து யோகராசா, சத்தம் கடைவாசலில் வந்து நின்றதும் அன்றைக்கு வந்த தமிழ்ப் பேப்பரின் தலைப்புகளை ஒன்றொன்றாய்ச் சத்தமாய் வாசித்துக் காட்டுவார், கேட்டு முடித்ததும் குடை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பும்.

எல்லாம் நன்றாய்த்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. ஆந்தையிடம் வந்தால் சத்தம் நின்றுவிடும். உயிரோடு இருந்தபோது அங்கே ஒரு நிமிஷம் நிற்பார், வீட்டுக்குப் போவார். இப்போது நகர்வதே இல்லை. மணிக்கணக்காய் அங்கேயே, கால் மாற்றி நிற்கிற சத்தமும் குடையை ஊன்றுகிற சத்தமுமாய்க் காத்து நின்று, ஜாக்மார் குடும்பம் சாயங்காலம் ஏழு மணி அடித்ததும் அணைந்துபோகும். வாராவாரம் அதே காத்திருப்பு. ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. மனுஷன் முப்பத்தோரு வருஷமாய் வலக்கையால் கேட்டது ஒன்றுகூடச் சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை, கேட்டது கிடைக்காமல் போக மனசில்லாமல் நிற்கிறார், அவருடைய ஆள் யாராவது வந்து அவருக்காக இடக்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டால் ஆத்துமா சாந்தியாய்ப் போகும்.

அவருடைய ஆள் என்று திஜோனில் யார் இருக்கிறார்கள், அமலோற்பவம்தான். அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஊருக்கு முன்னால், நாய்க்கும் முன்னால், அதைக் கேட்டவள் அவள்தான். சனிக்கிழமை எட்டே முக்காலுக்குப் படுக்கையறை வாசலில் அந்த ‘டக் தொப்’ வந்து நிற்கும். உயிரோடு இருந்தபோது அந்த இடத்தில் நின்றுதான், “வர்றியா அமலு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்று கேட்பார். முட்டி வலிக்குது என்பாள், துணி ஊறுது என்பாள், மீன் கழுவணும் என்பாள், ஒன்றும் தோன்றாவிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி கிடப்பாள். இப்போது கேள்வி இல்லை, நிற்பது மட்டும் இருந்தது. பதினோரு சனிக்கிழமை அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற மாதிரியே கிடந்தாள். சத்தம் படியிறங்கிப் போனபிறகு எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுவாள்.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். காரணமே சிரிப்புதான். திஜோனுக்கு வந்த முதல் வாரம், மழை விட்ட ஒரு மத்தியானம், புருஷன் ஆசையாய் வாங்கிக்கொடுத்த குதிகால் செருப்பும் பட்டுப்புடவையுமாய் அவரோடு ஊர் பார்க்கப் போனவள், திராட்சை மிதிக்கிற மனுஷனின் சிலை நிற்கிற நீரூற்றுச் சதுக்கத்தில், ஈரக்கல்லில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். செருப்பு ஒன்று தொட்டித் தண்ணீரில். ஞானாதிக்கம் ஓடிவந்து தூக்குவதற்கு முன்னால் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அமலோற்பவம் எழுந்து, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து, இனிமே இந்தாள்கூட நான் தெருவுல நடந்தா என் பேரை மாத்திக்கிறேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினாள். கோயிலுக்குப் போனாள், டாக்டரிடம் போனாள், எல்லாம் பஸ்ஸிலும் டிராமிலும். ஊர் பார்க்க என்று ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அவள் காரணமும் சொல்லவில்லை. கோபம் பத்து வருஷத்தில் போய்விட்டது, சத்தியம் மட்டும் பழக்கமாகி வீட்டிலேயே தங்கிவிட்டது.

இப்போது புதுச்சேரியிலிருந்து அவள் தங்கச்சி, வந்துவிடு அக்கா, ஒத்தையில் அங்கே என்ன பண்ணுகிறாய் என்று கூப்பிட்டு, லியோனில் இருக்கிற மகன் திங்கட்கிழமைக்கு விமான டிக்கெட்டும் போட்டு, பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மதாம் ஒதிலும் யோகராசாவும் மூன்று மாடி ஏறி வந்து மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். ஒதில் சொல்லச் சொல்ல யோகராசாதான் தமிழில் எடுத்துச் சொன்னார்.

“அக்கா, ஐயா அங்க நிண்டுகொண்டே இருக்கிறார், பார்க்கேலாமல் கிடக்கு. போறதுக்கு முன்னம் ஒருக்கா வந்து இடக்கையால தொட்டுவிடுங்கோ.”

தொடலாம், ஆனால் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாதே, தெரியாததை எப்படிக் கேட்பது என்றாள் அமலோற்பவம். தெரியாது என்று சொன்னாளே தவிர, அவளுக்குள்ளே ஒரு பயம் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகலாமா என்று அவர் எப்போதோ ஒரு தரம் கேட்டு, குளிருக்கு ஹீட்டர் இருக்கு, துணிக்கு மெஷின் இருக்கு, நான் வரலை என்று அவள் சொல்லியிருந்தாள். அதைத்தான் கேட்டாரோ, முப்பத்தோரு வருஷம் அதற்குக் குறுக்கே படுத்திருந்தது நான்தானோ என்ற பயம். அது என்னவென்று தெரியாமல் விமானம் ஏறினால் அங்கே போயும் தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் எட்டே முக்காலுக்கு ‘டக் தொப்’ வந்து படுக்கையறை வாசலில் நின்றது. அமலோற்பவம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

“இருங்க, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்.”

வாசலில் குடை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் இருபது நிமிஷம், அவள் பச்சைப் புடவையைக் கட்டி, பின்னைத் தேடி, தட்டைச் செருப்பைத் தேடி, பவுடர் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை.

ஜூன் மாசம், ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் போகாத நாள். அவர் இடது பக்கம், அவள் வலது பக்கம். அதாவது சத்தம் இடது பக்கம். முதலில் தார்சி பூங்கா. அங்கே ஒரு வெள்ளைக்கரடிச் சிலை நிற்கிறது, அதற்கு முன்னால் குடை இரண்டு தட்டுத் தட்டியது, கரடிக்கு வாராவாரம் வணக்கம் சொல்வார்போல என்று அவளும் தலையை ஆட்டி வைத்தாள். யோகராசா பேப்பரைப் பிரித்தவர் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு வழக்கத்துக்கு மாறாய் உள்பக்கச் செய்தியையும் வாசித்தார். பழைய கோட்டைவாசல் வளைவு, கொடி கட்டிய கடைத்தெரு, இரும்புத்தூண் போட்ட பெரிய சந்தை. சந்தையில் பாலாடைக்கட்டிக்காரி, காளான்காரன், மீன்காரன் அத்தனை பேருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. இவள் யாரையும் பார்த்ததில்லை. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது மதாம் என்று மீன்காரன் கேட்டான், துணியெல்லாம் காய்ந்ததா என்று காளான்காரன் கேட்டான். இந்த வாரம் அவளுக்கு முட்டி வலி, அடுத்த வாரம் கட்டாயம் வருவாள் என்று முப்பத்தோரு வருஷமாய் ஒவ்வொரு கடையிலும் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார் மனுஷன். அவளுக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல வெட்கமாயிருந்தது, சந்தோஷமாயும் இருந்தது.

சந்தையைத் தாண்டினால் நீரூற்றுச் சதுக்கம். திராட்சை மிதிக்கிறவன் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். தொட்டியின் ஓரம் தண்ணீர் தெறித்து ஈரமாயிருந்த கல்லைப் பார்த்ததும் அவளுக்குக் கால் வரவில்லை. அப்போது ‘டக் தொப்’ அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, ஈரக்கல்லுக்கும் அவளுக்கும் நடுவில், அவள் வலது பக்கம் நின்றது.

“அன்னிக்கு எதுக்குங்க அப்படிச் சிரிச்சீங்க?” என்று கேட்டாள் அவள். சத்தம் அசையவில்லை. குடைமுனை மட்டும் கல்லில் மெதுவாய், தப்புப் பண்ணினவர்கள் தரையைக் கீறுவார்களே அப்படி, கீறிக்கொண்டிருந்தது. அமலோற்பவத்துக்கு முதலில் அழுகை வந்தது, அதற்குள்ளிருந்தே சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு சிரிப்புக்கு முப்பத்தோரு வருஷமா பழி வாங்கினேன், என்னை மாதிரி பைத்தியக்காரி எங்கேயாவது உண்டா என்று சத்தமாய்ச் சொல்லிக்கொண்டு, ஈரக்கல்லை ஒட்டியே நடந்து காப்பிக்கடை மேஜையில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி. அவள் விழுந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது அந்த மேஜை.

லூசியன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவளுக்குச் சாப்பாடும் எதிர்ப்பக்கம் வெறும் கிளாஸும் வைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன் மதாம், அப்போது நான் சின்னப் பையன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்புறம் அவள் நடந்துவந்த வழியையும் காலி நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்லது, முஸ்ஸியே கேட்டது நடந்துவிட்ட மாதிரிதான், நடக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனிச் சொல்லலாம் என்றார்.

எது நடந்தது, என்ன கேட்டார் என்று அமலோற்பவம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீங்கள் ஒரு நாள் அவரோடு வந்து இந்தச் சுற்று முழுக்க நடக்கவேண்டும். அவ்வளவுதான் மதாம், வேறே எதுவும் கேட்கவில்லை. அப்படியானால் இடக்கையால் கேளுங்கள், சீக்கிரம் கிடைக்கும் என்றேன். வேண்டாம் லூசியன், ஒரு ஆந்தை இழுத்துக்கொண்டு வந்து அவள் வரக்கூடாது, அவளாக வரவேண்டும் என்றார்.”

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே கிளாஸ் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கவில்லை, அவள் பேரில் ஒரு குறையும் கேட்கவில்லை. நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இறங்கின கையோடு வேறொன்று சுருக்கென்று தைத்தது. கேட்டது முழுக்க நடந்துவிட்டால் அவர் எதற்கு நடப்பார்? பாதிச் சுற்று வந்தாயிற்று. மீதிப் பாதி முடிந்து ஆந்தையிடம் போய்ச் சேர்ந்தால், அதோடு சரி. இன்று காலையில்தான் கிடைத்த மனுஷன் இன்று சாயங்காலம் போய்விடுவார்.

அதற்குமேல் அவள் நடந்த நடையை நடை என்றே சொல்லமுடியாது. இன்னொரு காப்பி கேட்டாள். அது ஆறினபிறகு இன்னொன்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்த லூசியனுக்கு விஷயம் புரிந்து, பாலைக் கொண்டுவர கால்மணி நேரம், சர்க்கரையைக் கொண்டுவர கால்மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ளே போய் ஒதிலுக்கு ஒரு போன் போட்டார். செய்தி அவர்களுக்கு முன்னால் தெருத்தெருவாய் ஓடியது. பிரபுக்களின் அரண்மனைக்கு எதிரே அரைவட்டச் சதுக்கத்தில், தரையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சத்தத்தைச் சுற்றி வட்டமாய் நின்றுகொண்டு போகவிடவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அரண்மனைக் கோபுரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வழிகாட்டிப் பெண், முந்நூற்றுப் பதினாறு படிக்கும் படிக்கொரு கதை சொல்ல ஆரம்பித்தாள். யோகராசா கடையைச் சாத்திவிட்டு இரண்டு மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, முட்டி வலி உள்ளவ அல்லோ, இருந்து இருந்து போகட்டும் என்று மூலைக்கு மூலை விரித்துப் போட்டார். மரச்சட்டம் தெரிகிற கோணல்மாணல் பழைய வீடுகளின் தெருவில், ஜன்னல் ஜன்னலாய்த் தலைகள் நீண்டு, ஞானாதிக்கம் தங்கள் வீட்டைப் பற்றி என்ன சொன்னார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மதாம் ஒதில் இரண்டு துண்டு தேன்ரொட்டியைக் கட்ட முக்கால் மணி நேரம் எடுத்தாள். காகிதம் சரியில்லை என்று பிரித்தாள், நூல் சரியில்லை என்று பிரித்தாள். வாராவாரம் சனிக்கிழமை ராத்திரி, சோம்பு தூக்கல், இனிப்பு போதாது என்று குறை சொல்லிச் சொல்லி ஒரு துணுக்கு விடாமல் அவள் தின்ற தேன்ரொட்டி இந்தக் கண்ணாடி அலமாரியிலிருந்துதான் வந்தது என்பதை அமலோற்பவம் அன்றுதான் பார்த்தாள்.

ஏழு மணி அடிக்க வேண்டும். ஜாக்மார் அடிக்கவில்லை. மணிக்கூண்டைப் பார்த்துக்கொள்கிற ஆள், சுத்தியலுக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது என்று தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டான். எட்டானது. மேற்கே பச்சையும் மஞ்சளுமாய் ஓடு வேய்ந்த கூரைகளில் வெயில் இன்னும் கிடந்தது. ஊரே அவளுக்காக ஒரு சனிக்கிழமையைப் பிடித்து இழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

அமலோற்பவம்தான் முதலில் கவனித்தாள். ‘டக்’ அப்படியே இருந்தது. ‘தொப்’ மாறியிருந்தது. காலைத் தூக்கி வைக்காமல், இழுத்து இழுத்து, கல்லில் தேய்கிற சத்தமாய் வந்தது. கடைசி வருஷம் மூன்றாம் மாடி ஏறும்போது அவர் அப்படித்தான் காலை இழுப்பார்; ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டால் இல்லையே என்பார். களைத்துப்போய்விட்டார். அவள் நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார், இன்னொரு காப்பி என்றால் அதற்கும் சரி என்பார். வாழ்நாள் பூராவும் அப்படித்தான் இருந்தார்.

அவள் யோகராசாவிடம் நாற்காலியை மடக்கச் சொன்னாள். வாங்க, போகலாம் என்றாள்.

ஆந்தைத் தெருவில் அன்று சைக்கிள் ஒன்றுகூட இல்லை, இரண்டு பக்கமும் சனம். காலையில் பார்த்த அத்தனை முகமும் அங்கே இருந்தது. ஒதில் அவள் காதோரம் வந்து, கேட்டது கிடைத்துவிட்டது என்று லூசியன் சொன்னான், ஆனால் நீங்கள் புதிதாய் ஒன்று கேட்கலாமே, இடக்கையால் கேளுங்கள், அவர் போகக்கூடாது என்று கேளுங்கள், கட்டாயம் நடக்கும், இந்த ஊரில் பிறந்தவள் சொல்கிறேன் என்றாள். சனம் முழுக்க அதையேதான் நினைத்தது. இடது, மதாம், இடது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அமலோற்பவம் ஆந்தைக்கு முன்னால் நின்றாள். மூக்கும் இல்லாமல் முழியும் இல்லாமல் அது ஒன்றும் பயப்படும்படி இல்லை. பக்கத்தில் குடை ஊன்றுகிற சத்தம் கேட்டது. அவளுடைய இடக்கை மேலே எழுந்தது. அவளுக்கு அத்தனை ஆசை இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. இன்னும் ஒரு சாண் போனால் அவர் அவளுடையவர், சனிக்கிழமைதோறும், அவள் சாகிறவரைக்கும், களைத்தாலும் காலை இழுத்துக்கொண்டாவது வருவார்.

கையைக் கீழே போட்டாள். வலக்கையை உயர்த்தி, நுனிக்காலில் எம்பி, ஆந்தையைத் தடவினாள்.

“வரணும்னு இருந்தா வாங்க. நான் இழுத்துக்கிட்டு வரமாட்டேன்.”

மேலே மணிக்கூண்டில் ஜாக்மாரும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் எட்டரை மணிக்கு ஏழு அடித்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும், பதினோரு வாரமாய் அங்கேயே நின்றுகொண்டிருந்த ‘டக் தொப்’ புறப்பட்டு, காலை இழுக்காமல், ஆந்தைத் தெரு திரும்புகிற வளைவு வரைக்கும் போயிற்று. வளைவில் குடை ஒரு தட்டுத் தட்டியது. அதற்கப்புறம் கேட்கவில்லை. பூக்கடைக்காரியின் நாய் மட்டும் வளைவு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை விமானம் அவள் இல்லாமல் போயிற்று. மகன் போனில் கத்தினான், தங்கச்சி போனில் அழுதாள். பெட்டியைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன், இனி யாரும் டிக்கெட் போடவேண்டாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலாய்ச் சொல்லிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை எட்டே முக்காலுக்கு அவள் பச்சைப் புடவை கட்டி, செருப்பும் மாட்டி, படுக்கையறை வாசலில் நின்றாள். அவர் நிற்கிற இடத்தில்தான் நின்றாள். ஒன்பது வரைக்கும் நின்றாள். படியில் ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அவருடைய குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கரடிக்கு முன்னால் இரண்டு தட்டுத் தட்டினாள், யோகராசா வாசித்ததைக் கேட்டாள், சந்தையில் நின்றாள், ஈரக்கல்லை ஒட்டி நடந்தாள், லூசியனிடம் ஒரு காப்பி குடித்துவிட்டுக் குடையை எதிர் நாற்காலியில் சாத்தினாள். போன இடத்திலெல்லாம் ஊர் அவளுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டது, ஒன்றும் கேட்காமல், அவளிடம் கேட்கவும் துணியாமல் இருந்தது.

தேன்ரொட்டிக் கடையில் மதாம் ஒதிலுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, முஸ்ஸியே எங்கே என்று கேட்டாள்.

அமலோற்பவம் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தடுமாறாமல் சொன்னாள்.

“இந்த வாரம் அவருக்கு முட்டி வலி. அடுத்த வாரம் கட்டாயம் வருவார்.”

ஒதில் தலையை ஆட்டி, இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு இன்னொன்றை வீட்டுக்குக் கட்டினாள்.